ஆழ்கடலில் ஒரு பங்கு

வன்னிப் பெருநிலம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன காடும் குளமும் நெல்வயலுமே. பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடுகளையும், இரணைமடு, முத்தையன்கட்டு முதலிய பெருங்குளங்களையும், அவற்றை நம்பி வாழும் கமக்காரரையும் பற்றி எழுதியோர் பலர். அந்நிலத்தின் கிழக்கெல்லை கடல் என்பதை நாம் அத்துணை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் கடற்கரை மட்டும், தெற்கே கொக்கிளாய்க் களப்பு வரை, ஏறக்குறைய 70 கிலோமீற்றர் நீளமுடையது. அங்கே சில இடங்களில் காட்டின் விளிம்பில் நின்றாலே அலையோசை கேட்கும்; அவ்வளவு அண்மையில் காடும் கடலும் கூடி நிற்கின்றன.

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது காட்டு நிலத்துக்கு முல்லை என்றும் கடற்கரை நிலத்துக்கு நெய்தல் என்றும் பெயரிட்டனர். முல்லையின் பெயரைத் தாங்கி நெய்தலில் அமைந்த ஊர் முல்லைத்தீவு. அயலில் வயல்களும் இருப்பதால் மருதமும் அங்கு சேர்ந்துகொள்கிறது. 1803ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இவ்வூரிலேயே இருந்தது என்பதை மாணவர்கள் படித்திருப்பார்கள். அந்த ஊரின் கடலைக் கரையில் நின்று காண்பதோடு அமையாது, உள்ளே சென்றும் காணவேண்டும் என்ற அவா நம் உள்ளத்தில் நெடுநாளாக இருந்துவந்தது.

பிற நாடுகளில் இந்த அவாவைத் தீர்த்துக்கொள்வது எளிது. ஆழ்கடலில் மீன்பிடித்து மகிழ விரும்பும் பயணிகளுக்கென வாடகைப் படகுகள் துறைகளிற் காத்து நிற்கும். ஒருவரால் முழு வாடகையையும் கொடுக்க இயலாதாயின், முன்பின் அறியாத நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு படகை அமர்த்திச் செலவைப் பகிர்ந்துகொள்வர். இந்தப் பொழுதுபோக்கின் தொடக்க காலத்தை அமெரிக்காவில் கலிபோர்ணியாக் கரைக்கு அப்பாலுள்ள கற்றலீனாத் தீவிற் காணலாம். 1898இல் சார்ள்ஸ் பிரெடெரிக் ஹோல்டர் என்பவர் அங்கே 183 இறாத்தல் நிறையுள்ள, சூரை இனத்தைச் சேர்ந்த பெருமீன் ஒன்றைத் தூண்டிற்கோல் கொண்டு பிடித்தார். அவ்வாண்டிலேயே அத்தீவில் அம்மீன் பிடிப்போர் கழகம் ஒன்றும் நிறுவப்பட்டது. அன்று ஒரு சிலரின் விளையாட்டாக இருந்தது இன்று உலகெங்கும் பெருவணிகமாகிவிட்டது. நமது தீவின் தென்கரையிலும் திருகோணமலையிலும் உல்லாசப் பயணிகளுக்காக இத்தகைய படகுகள் ஓடுகின்றன. முல்லைத்தீவிலோ படகு என்பது ஒரு குடும்பத்தின் ஏர். அதனை வாடகைக்கு விடும் வழக்கம் அங்கு வேரூன்றவில்லை.

கல்லூரியில் ஒன்றாகக் கற்பிக்கும் மூவர் நாம். புவியியல், கணிதம், விஞ்ஞானம் என மூன்று பாடங்களும் நம்மிடையே உண்டு. நம் பழைய மாணவர் ஒருவர் தம் பெரிய தந்தையாரிடம் எமது விருப்பத்தைச் சொல்லிவைத்தார். அப்பெரியவர் நாற்பது ஆண்டுகளாகக் கடற்றொழில் செய்பவர். 23 அடி நீளமான கண்ணாடியிழைப் படகொன்றுக்கு உரியவர். படகுக்கு வாடகை எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டோம். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை.

“மாஸ்ரர், வாடகை பேசிக் கடலுக்குப் போற பழக்கம் எங்களிட்டை இல்லை. எண்ணெயிலை பாதியை நீங்கள் மூண்டுபேரும் போடுங்கோ, மற்றப் பாதியை நான் போடுறன். மீன் பட்டால் எண்ணெயைக் கழிச்சுப்போட்டுப் பங்கு வைப்பம். படாட்டில் உங்கட பாதி உங்களுக்கு நட்டம். என்ர பாதி எனக்கு நட்டம்.”

இவ்வாறு உடன்பாடு முடிந்தது. எழுத்தில்லை, முற்பணமில்லை. நம்முள் கணித ஆசிரியர் பிறப்பிலேயே சைவ உணவினர்; மீனைத் தொட்டறியாதவர். பிடிக்கப்படும் மீனில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று கேட்டபோது அவர் முகம் போன போக்கை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

ஆடி மாதத்திற் போயா விடுமுறையோடு கூடிய வார இறுதியொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். ஆனையிறவைக் கடந்து, பரந்தனிற் கிழக்கே திரும்பும் பெருவீதியைப் பிடித்தால், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதன்பின் முள்ளிவாய்க்கால். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் நெடும்போரின் இறுதி நாட்கள் கழிந்த அந்த நிலத்தைக் கடக்கையில் வண்டிக்குள் பேச்சு தானாகவே அடங்கிவிட்டது. வட்டுவாகற் பாலத்தின்மேல் வரும்போது ஒருபுறம் நந்திக்கடல். மறுபுறம் மணற்றிடருக்கு அப்பால் வங்கக் கடல். களப்பின் மறுகரைப் பக்கத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் அம்மனுக்கு விளக்கேற்றுவது தொன்றுதொட்ட வழக்கம். உழவரும் கடற்றொழிலாளரும் ஒருங்கே கூடும் திருவிழா அது.

மாலையிற் கரையை அடைந்தோம். முல்லைத்தீவுக் கரை மணற்கரை. படகுகள் மணலிலே வரிசையாக ஏற்றி விடப்பட்டிருந்தன. கரையோரத்தில், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் மாண்டவர்களின் நினைவிடம் உள்ளது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஒரு பூரணைநாள். பெரியவருக்கு அப்போது இருந்த படகு அந்த அலையோடு போயிற்று. பின்பு வாங்கிய படகைப் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது கரையிலேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. திரும்பி வந்தபோது அது இல்லை. “கடல் ஒண்டை எடுத்தது, யுத்தம் ஒண்டை எடுத்தது. இது மூண்டாவது” என்று அவர் தம் படகின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, நாம் கேட்கவுமில்லை. எமது பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதிவைத்த பின்னர், பெரியவர் வீட்டு விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்தோம்.

பின்னிரவு மூன்று மணிக்கு எழுப்பினார்கள். வீட்டம்மா தந்த இஞ்சித் தேநீரைப் பருகிவிட்டுக் கரைக்கு வந்தோம். பூரணை கழிந்த மறுநாள் ஆகையால் மேற்குவானில் நிலா பால் சொரிந்துகொண்டிருந்தது. நிலாக் காலத்தில் வலைத்தொழில் குறைவு. வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும் என்பார்கள். ஆகவே அன்று தூண்டிற்றொழில். வலை ஏற்றாத நாளாதலாற்றான் படகில் எமக்கும் இடமிருந்தது. பெரியவரும் அவருடைய தங்கை மகனும் தொழில் செய்வோர், நாம் மூவர், ஆக ஐவர். உயிர்காப்பு அங்கியை அணிந்த பின்னரே படகைத் தொடவிட்டார். அயலில் நின்ற நாலைந்து பேர் தாமாகவே வந்து தோள்கொடுத்துப் படகைத் தள்ளினர். அலை ஏறும் வேளை பார்த்து, “இப்ப!” என்று ஒரு குரல். அடுத்த நொடியிற் படகு நீரில் மிதந்தது. 25 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம் இருமி உறுமிப் பின் சீராக ஓடத் தொடங்கியது.

கிழக்கு நோக்கிப் போகையில் இடக்கைப் பக்கத்தில், அடிவானுக்குச் சற்று மேலே, துருவ நட்சத்திரம் தெரிந்தது. முல்லைத்தீவு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று அதிகமான அகலாங்கில் உள்ளது. ஆகவே அங்கிருந்து பார்ப்பவருக்குத் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது பாகை உயரத்திலேயே நிற்கும். கையை நேரே நீட்டி முட்டி பிடித்தால் முட்டியின் அகலம் பத்துப் பாகையளவு வரும். மாணவர்கள் தங்கள் ஊர்க் கடற்கரையில் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். பெரியவருக்கு அகலாங்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அந்த மீன் இடத்தோளுக்கு நேரே நின்றால் படகு கிழக்கே போகிறது என்பது அவருக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

பொழுது புலர்ந்ததும் கரையைத் திரும்பிப் பார்த்தோம். முதலில் மணல் மறைந்தது. பின்பு கூரைகள் மறைந்தன. இறுதியிற் பனைகளின் தலைகள் மட்டும் நீரில் மிதப்பனபோல் நின்றன. கணித ஆசிரியர் தாளொன்றை எடுத்துக் கணக்கிட்டார். படகில் இருப்பவரின் கண் நீருக்கு ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் அவருக்கு அடிவானம் மூன்றரைக் கிலோமீற்றர் தூரத்திலேயே முடிந்துவிடும். 20 மீற்றர் உயர்ந்த பனையின் தலையை ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வரை காணலாம். அதற்கப்பால் பூமியின் வளைவு அதனையும் விழுங்கிவிடும். பனை மறையும் இடத்தையே பழையவர்கள் கடலில் ஓர் எல்லையாகக் கொண்டிருந்தார்கள் என்றார் பெரியவர். கரையிலுள்ள கோயிலையும் மரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்து மீன்படும் இடங்களைக் குறித்துக்கொள்வதும் அவர்களுடைய முறை. இப்போது படகில் ஜீ.பீ.எஸ். கருவி உண்டு. எனினும் அதன் மின்கலம் தீர்ந்த நாட்களில் பழைய குறிகளே கரை சேர்த்தன என்று மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

இலங்கையைச் சூழ்ந்துள்ள கண்டமேடை ஒடுக்கமானது. அதன் சராசரி அகலம் ஏறக்குறைய 20 கிலோமீற்றரே. திருகோணமலையிலோ துறைமுக வாயிலை அண்டியே ஆழ்பள்ளத்தாக்குத் தொடங்கிவிடுகிறது. 1976ஆம் ஆண்டின் கடல் வலயச் சட்டத்தையொட்டி, கரையிலிருந்து 200 கடல்மைல் வரை நமது நாட்டுக்குப் பொருளாதார உரிமை உண்டு. அந்தப் பரப்பு ஏறக்குறைய 517,000 சதுரக் கிலோமீற்றர். நிலப்பரப்பைப்போல் எட்டு மடங்கு. ஆனால் உரிமை வேறு, எட்டிப் பிடிக்கும் வலிமை வேறு. வாரக்கணக்கிற் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பலநாட் படகுகள் தென்கரைத் துறைகளிலும் மேற்குக்கரைத் துறைகளிலுமே மிகுதி. முல்லைத்தீவுத் தொழிலாளர் பெரும்பாலும் ஒருநாட் படகினர். காலையிற் போய்ப் பகலில் திரும்பவேண்டிய படகுக்கு எட்டு மடங்குக் கடல் இருந்தென்ன? எண்ணெய் எவ்வளவோ, கடலும் அவ்வளவே.

நீரின் நிறம் மாறியது. கரையோரத்துப் பச்சை போய்க் கருநீலம் வந்தது. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, பின்னே இருபுறமும் தூண்டிற் கயிறுகளை இழுபடவிட்டார்கள். வெள்ளியாய் மின்னும் போலியிரை சிறு மீன்போல் நீரிற் பாய்ந்து வந்தது. படகின் முன்னே பறவைமீன்கள் கூட்டமாக எழுந்து, சிறகு விரித்து, வெகுதூரம் பறந்து விழுந்தன. விஞ்ஞான ஆசிரியர் அவற்றை எண்ணத் தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்தி, படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கடலுக்குத் தம் காலைத் தேநீரைக் காணிக்கையாக்கினார். “அடிவானத்தைப் பாருங்கோ மாஸ்ரர், படகைப் பாராதேங்கோ” என்றான் மருமகன். அந்த மருந்து ஓரளவு பலித்தது.

தொலைவில் ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு வட்டமிட்டு நீரிற் பாய்வது தெரிந்தது. பெரியவர் சுக்கானைத் திருப்பினார். கீழேயிருந்து சூரைக்கூட்டம் சிறுமீன்களை மேலே துரத்த, மேலிருந்து பறவைகள் அவற்றைக் கொத்துகின்றன. இருபுறமும் பகை, இடையில் அச்சிறுமீன். நமது படகு மூன்றாவது பகையாய் அதனுட் புகுந்தது. வலப்புறக் கயிறு விறைத்தது. கையுறை அணிந்த மருமகன் இழுத்தான். அவன் காட்டியபடி நாமும் பற்றி இழுத்தோம். ஒரு கிலோ நிறையுள்ள மீனுக்கு அத்தனை வலிமை எங்கிருந்து வருகிறது என்று வியக்கும்படி அது கயிற்றைப் பறித்தது. சூரைக்குக் காற்றுப்பை இல்லை. நீந்துவதை நிறுத்தினால் அமிழ்ந்துவிடும். மூச்சுக்கும் ஓயாது நீந்தவே வேண்டும். பிறந்தது முதல் ஓய்வறியாத உடல் அது. படகினுள் விழுந்தபோது நீலமும் வெள்ளியுமாய் ஒளிர்ந்த அதன் நிறம் நம் கண்முன்னே மங்கியது. கணித ஆசிரியர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவர் அதைக் கண்டும் காணாதவர்போல் மீனின்மேல் ஈரச்சாக்கை இழுத்து மூடினார்.

எட்டு மணிக்குள் ஆறு சூரைகள் கிடைத்தன. பின்பு பறவைகள் கலைந்தன, கடல் வெறிச்சோடியது. ஒரு மணி நேரம் வீணே அலைந்தபின் இரண்டு அறக்குளாக்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கலாம். நம் தமிழ்நாட்டு உறவினர் வஞ்சிரம் என்று போற்றும் மீன் அதுவே. அதன்பின் ஒன்றுமில்லை. பெரியவர் எண்ணெய்க் கலனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். இன்னும் ஐந்தாறு கிலோமீற்றர் வெளியே போனால் ஓர் ஆழ ஓரம் உண்டு, அங்கே பெருமீன் படக்கூடும்; படாமலும் போகலாம் என்றார். “பங்குக்காரர் சொல்லுங்கோ” என்று எம்மைப் பார்த்தார்.

அந்தச் சொல் எம்மைச் சற்று நிமிரச் செய்தது. மூவரும் கலந்து பேசினோம். இதுவரை பிடித்தது எண்ணெய்க்குச் சரியாய்ப் போய்ச் சிறிதே மிஞ்சும். போனால் இலாபமும் வரலாம், எண்ணெயும் வீணாகலாம். போவது என்று முடிவு செய்தோம். அவரும் தலையசைத்துப் படகைக் கிழக்கே செலுத்தினார். ஒரு கிலோமீற்றர்கூடச் சென்றிருக்கமாட்டோம். அவர் திடீரென்று இயந்திரத்தை அடக்கி, மேற்கே திரும்பிக் கரைப்பக்கத்து வானத்தைப் பார்த்தார். நம் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தோன்றவில்லை. நீர்ப்பரப்பில் மெல்லிய சுருக்கம் போன்ற ஒரு கருமை படர்ந்து வந்தது, அவ்வளவுதான்.

“சோளகம் இண்டைக்கு நேரத்தோடை எழும்பிட்டுது. திரும்புவம்.”

“சற்று முன்புதானே போவதென்று தீர்மானித்தோம்?” என்றார் விஞ்ஞான ஆசிரியர். “எண்ணெய்க்குப் பங்கு இருக்கு மாஸ்ரர். காத்துக்குப் பங்கில்லை” என்று சொல்லிக்கொண்டே பெரியவர் படகைத் திருப்பிவிட்டார்.

வரும் வழியில் அதன் காரணத்தை விளக்கினார். சோளகம் தென்மேற்குக் காற்று. கிழக்குக்கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. அதனால் வைகாசி முதல் ஆவணி வரை கரையோரம் குளம்போல் அமைதியாக இருக்கும். புதியவர்கள் அதைக் கண்டு ஏமாறுவர். வெளியே போகப்போக அலை எழும். இயந்திரம் நின்றுவிட்டால் அக்காற்று படகைக் கரைக்குக் கொண்டுவராது. வங்கக் கடலின் நடுவுக்கே கொண்டுபோகும். மாரியில் வீசும் வாடை இதற்கு மாறானது. அது கடலையே கரைக்குமேல் எறியும். ஆனால் படகைக் கரைக்குத் தள்ளும். “வாடை அடிக்கிற காத்து, சோளகம் கூட்டிக்கொண்டு போற காத்து. எனக்குப் பயம் ரெண்டாவதுக்குத்தான்” என்றார். தோளுயர அலைகள் முன்னிருந்து மோத, நீர்த்தூவலில் நனைந்தபடி அமர்ந்திருந்த நமக்கு அப்பேச்சின் பொருள் நன்றாகவே விளங்கியது. ஐந்து பேரின் பணம் ஒரு படகில் இருக்கலாம். ஐந்து பேரின் உயிருக்கு ஒருவரே பொறுப்பு. அந்தப் பொறுப்பை வாக்கெடுப்புக்கு விட முடியாது.

கரை நெருங்கிக் காற்றின் கடுமை தணிந்தபோது பேச்சு எண்ணெயைப் பற்றித் திரும்பியது. இப்படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கணித ஆசிரியர் மீண்டும் தாளை எடுத்தார். அன்று நாம் எரித்தது ஏறக்குறைய 30 லீற்றர். பழைய விலையில் அது 2,610 ரூபா. ஏறிய விலையில் 10,200 ரூபா. பின்னர் விலை இறங்கியதாயினும், அந்த மாதங்களிற் பல படகுகள் மணலைவிட்டு அசையவில்லை. “விலை ஏறினது மீனுக்குத் தெரியாது, அது முந்தினமாதிரித்தான் பட்டது” என்றான் மருமகன். கடலடியை வாரி அள்ளும் இழுவைமடி முறையை 2017இல் நமது நாடாளுமன்றம் சட்டத்தால் தடைசெய்த போதிலும், அதனால் வந்த சேதம் இன்னும் மாறவில்லை என்று பெரியவர் வருந்தினார். மேற்குக்கரை கொந்தளிக்கும் இம்மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து தொழிலாளர் வந்து நாயாறு, கொக்கிளாய்ப் பக்கங்களில் வாடியமைத்துத் தங்குவதும், அதனால் எழும் உரிமைப் பிணக்குகளும் அவர் பேச்சில் வந்தன. எனினும் அவர்களைப் பற்றிப் பேசும்போதும், “அவையளுக்கும் பிள்ளையள் இருக்கு” என்று சொல்லிக்கொண்டார்.

கரையில் அதிகாலையிற் படகைத் தள்ளியவர்கள் மீண்டும் வந்து படகை இழுத்து ஏற்றினர். யாரும் கூலி கேட்கவில்லை. இரண்டு சூரைகள் கறிக்கென்று அவர்கள் கைக்குப் போயின. மிகுதியை வியாபாரிகள் சூழ்ந்து நின்று விலை கூறி எடுத்தனர். வந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய்க்கே சரியாகிவிட்டது. நமது பாதியைத் திருப்பித் தந்தார். எஞ்சிய மூன்றிலொன்றில் பாதி, வழமைப்படி படகுக்கும் இயந்திரத்துக்கும். மற்றப் பாதி ஐந்து சமபங்காயிற்று. ஒருவருக்கு வந்தது இரு வடையும் ஒரு தேநீரும் வாங்கப் போதுமான தொகை.

கணித ஆசிரியருக்கு மனம் கேட்கவில்லை. “ஐயா, நாம் வராதிருந்தால் அந்தப் பாதியை நீங்கள் இருவருமே பிரித்திருப்பீர்கள். உங்கள் கையில் இதைவிட இரண்டரை மடங்கு வந்திருக்கும். எம்மை ஏற்றியதால் உங்களுக்கு நட்டமல்லவா?” என்றார். பெரியவர் மணலிற் குந்தியிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். “மீன் பட்ட நாளை மட்டும் கணக்குப் பாக்கிறியள் மாஸ்ரர். படாத நாளையும் சேர்த்துப் பாருங்கோ. இண்டைக்கு ஒண்டும் படாட்டில் என்ர எண்ணெய் நட்டத்திலை பாதி உங்களோடை போயிருக்கும். பங்கெண்டால் ரெண்டுக்கும் பங்குதான்.”

அப்படியாயின் நமது பங்கை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றோம். அவர் அதற்கும் இசையவில்லை. “நீங்கள் வாங்காட்டில், நான் உங்களிட்டைக் கூலிக்கு வந்தவன் எண்டாப் போகும்” என்றார். வாங்கிக்கொண்டோம். மீனைத் தொடாத கணித ஆசிரியரும் மீன்விற்ற காசைத் தொட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நண்பகலில் வீட்டம்மா ஒடியற்கூழ் காய்ச்சியிருந்தார். நண்டும் இறாலும் மீன்தலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்ந்த கூழ். சைவ உணவினருக்கென மீன் சேராத கூழ் வேறொரு சட்டியிற் கொதித்தது. முதல்நாளே விசாரித்து அறிந்திருக்கிறார். முற்றத்து வேம்பின் கீழ் எல்லோரும் வட்டமாயிருந்து, பனையோலையிற் கோலிய பிளாக்களில் ஏந்திக் குடித்தோம். படகு தள்ளியவர்களில் இருவரும் வந்து சேர்ந்துகொண்டனர்.

வீடு திரும்பும் வழியெங்கும் நாம் பேசியது இந்தப் பங்கைப் பற்றியே. வாடகைப் படகிலும் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் அங்கே பகிரப்படுவது பயணிகளின் செலவு மட்டும். மீன் பட்டாலும் படாவிட்டாலும் படகுக்காரருக்கு வாடகை வந்துவிடும். பயணிக்கு ஏமாற்றம் மட்டுமே நட்டம். பிடித்த மீன் யாருக்கு என்பதிலும் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. சில இடங்களில் அது பிடித்தவருக்கு. ஹவாய்த் தீவுகளிலோ படகுக்கே உரியதென்பது நெடுநாள் வழக்கம். முல்லைத்தீவுக் கரையில் இக்கேள்வியே எழவில்லை. யாருடைய தூண்டிலில் எந்த மீன் பட்டது என்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. எல்லாம் ஒரே குவியல். குவியலுக்கு ஒரு கணக்கு.

இம்முறை வன்னிக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களிலும் மாலுமிகளுக்குச் சம்பளமில்லை. கிடைத்த எண்ணெயிற் பங்கே ஊதியம். ஆனால் அங்கே கணக்கேடு கப்பலுடையாரிடம் இருந்தது. உடைக்கும் உணவுக்கும் முன்பணத்துக்கும் கழித்தபின், ஆண்டுக்கணக்கிற் கடலில் அலைந்தவர்களிற் பலர் கடனாளிகளாகவே கரையிறங்கினர். நமது கரைவலைகளிலும், முன்பணம் கொடுத்த சம்மாட்டியிடம் தலைமுறையாகக் கட்டுண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆகவே பங்கு என்ற பெயர் மட்டும் நீதியைத் தந்துவிடாது. கணக்கு எல்லோர் கண்முன்னும் மணலில் வைத்துப் பிரிக்கப்படும்போதுதான் அது நீதியாகிறது.

வன்னிக் கடலைக் காண விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு சொல். காட்சிக்காக மட்டும் செல்வோர் பங்குனி முதல் புரட்டாதி வரையுள்ள மாதங்களில் முல்லைத்தீவுக் கரைக்கு விடியற்காலையிற் சென்று நின்றாலே போதும். படகுகள் வந்துசேரும் காட்சி பிள்ளைகளுக்கு ஒரு பாடம். கடலுக்குள் செல்ல விரும்புவோர் அறிந்தவர் மூலமாகவே செல்க; உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறற்க; திரும்புவோம் என்று படகோட்டி சொன்னால் மறுபேச்சுப் பேசற்க. மாணவர்கள் ஒரு கணக்கையும் செய்து பார்க்கலாம். சந்தையில் வாங்கும் ஒரு கிலோ மீனின் விலையில் எண்ணெய்க்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, வியாபாரிக்கு எவ்வளவு, கயிற்றை இழுத்த கைக்கு எவ்வளவு என்று விசாரித்துப் பிரித்தெழுதுக. பொருளியற் பாடநூலில் இல்லாத சில செய்திகள் அதில் வெளிப்படும்.

இன்றைய நம் வாழ்வில் எதையும் வாடகைக்குப் பெறலாம். விலையைக் கொடுத்தபின் மற்றவரின் நட்டம் நம்முடையதன்று என்று எழுந்துபோகலாம். இருமுறை எல்லாவற்றையும் இழந்த ஒருவர் மூன்றாவது படகில் எம்மை ஏற்றிக்கொண்டு கேட்டது வாடகையை அன்று. தம் நட்டத்திலும் பாதிக்கு உடன்படுகிறீர்களா என்பதையே. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தபின்னும் வன்னியைப் பார்க்கச் செல்வோர் தொகை பெருகுகிறது. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களை அந்நிலம் இன்முகத்தோடே வழியனுப்புகிறது. ஆயினும் அது எதிர்பார்த்திருப்பது பார்வையாளரைக் காட்டிலும் பங்குக்காரரையே என்று நமக்குத் தோன்றுகிறது.